எதிர்ச்சுவர் மணிக்கூடு

போதகர் தேவநேசன் ஞாயிறு காலைப் பிரசங்கத்தை முடிப்பதாயில்லை. சபையார் வாங்குப் பலகைகளில் நெளிந்தார்கள்.

அவருக்கு நேரம் தெரியட்டும் என்றுதான், திருகோணமலையிலிருந்து மாற்றலாகி வந்த புதிய செயலாளர் ஜெயசீலன், பிரசங்கபீடத்துக்கு நேரெதிரே பெரிய மணிக்கூடு ஒன்றை மாட்டியிருந்தார். போதகர் நிமிடத்துக்கொரு தடவை அதைப் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டு இன்னொரு வசனத்தை எடுத்தார். கடைசியில் பிரசங்கம் முடிந்தது என்று பார்த்தால், ஒரு நீண்ட பாட்டை அறிவித்தார்.

தன் குரலில் தானே மயங்கும் மனிதர்!

சபை பாடத் தொடங்கியதும் ஜெயசீலன் பீடத்தின் மேலே போனார்.

"ஐயா, எட்டே முக்காலாப் போச்சு. பிள்ளைகள் பசியில அழுகுதுகள். ஆசீர்வாதம் சொல்லி அனுப்புங்க."

"கொஞ்சம் பொறுங்க, தம்பி."

"என்னத்துக்கு ஐயா?"

"சுனாமி வந்த அண்டைக்கும் ஞாயிறுதான். சனம் முதல்நாள் நத்தார்ப் பண்டிகைக் களைப்பில இருக்கெண்டு பாவம் பார்த்து, பிரசங்கத்தைச் சுருக்கி எட்டரைக்கே அனுப்பிட்டன். ஒன்பது மணிக்குக் கடல் வரக்குள்ள, எல்லாரும் கரையோரத்து வீடுகள்ல நிண்டாங்க. இந்தக் கோயிலுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல்ல, தம்பி."

பாட்டு முடிந்தது. சபையார் ஆசீர்வாதத்துக்குத் தலை குனிந்தார்கள்.

ஜெயசீலன் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டு ஐம்பத்திரண்டு. ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"ஒருத்தரும் போகாதீங்க. இன்னும் ஒரு பாட்டுப் பாடுவம்."