அடியில் ஈரம்

"தண்ணி பத்தாமதான் வாடுது போலிருக்கு. இன்னும் ஒரு தம்ளர் சேர்த்து ஊத்தட்டுமா?"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தொட்டியம்மாவிடம் கேட்டார். தொட்டி விற்று விற்றே அந்தப் பெயர் வாங்கியவள் அவள். அவர் சுமந்து வந்த பெயிண்ட் வாளியை மேசைமேல் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினாள். எலுமிச்சைக் கன்று மண்கட்டியோடு வெளியே வந்து விழுந்தது.

மேல் மண் காய்ந்து வெடித்திருந்தது. அடியில் கருஞ்சேறு. பத்தே பத்து இலைகள், அதிலும் நான்கு மஞ்சள்.

"தாகமா? மூழ்கிக்கிட்டிருக்கு சார் இது! தினமும் எவ்வளவு ஊத்துறீங்க?"

"ஒரே ஒரு தம்ளர். விடிஞ்சதும் ஊத்திட்டுத்தான் கடைக்குப் போவேன்."

"ஒரு தம்ளருக்கா இந்தக் கூத்து?" வாளியைத் திருப்பிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அதானே பார்த்தேன். அடியில ஒரு ஓட்டைகூட இல்ல. மண்ணும் வயல் களிமண்ணு. வெயில் பட்டா மேல சீக்கிரம் காஞ்சுடும், அடியில அப்படியே நிக்கும். மேல பார்த்து ஏமாந்துதான் எல்லாரும் ஊத்துறாங்க. யார் சார் நட்டது?"

"என் பொண்ணு. விதை போட்டு வளர்த்தா."

"அவகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவை ஓட்டை போடச் சொல்லி."

அவர் தலையாட்டினார். மகள் போய் ஐந்து மாதமாகிறது. மூன்றே நாள் காய்ச்சல், அவ்வளவுதான். இப்படி யாராவது தெரியாமல் கேட்டால் நெஞ்சு வலிக்கும் என்று முதலில் பயந்தார். இப்போதெல்லாம் வலிப்பதே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

அவள் கைபட்டதில் வளர்வது என்று வீட்டில் மிச்சமிருந்தது இந்தக் கன்று ஒன்றுதான். இதுவும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பெரிய தொட்டியாவே கொடுங்கம்மா. இருக்கறதுலயே பெரிசு."

"வளர்ந்துக்குவான்னு புள்ளைக்குத் தொளதொளன்னு சட்டை எடுப்போமே, அந்தக் கதையெல்லாம் செடிகிட்ட ஆகாது. பெரிய தொட்டின்னா ஈரம் சுலபத்துல காயாது. இந்த வேருக்கு ஒரு சாண் மண் தொட்டி போதும்."

பீரோவில் ஒரு சைஸ் பெரிதாக எடுத்த பள்ளிச் சீருடை மடிப்புக் கலையாமல் இருப்பது ஞாபகம் வந்தது. வந்தது, போனது.

தொட்டியம்மா அழுகிய வேர்களை நறுக்கினாள். புதுத் தொட்டியின் அடி ஓட்டைமேல் ஒரு வளைந்த ஓட்டுச் சில்லைக் கவிழ்த்தாள். செம்மண், ஆற்று மணல், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் எல்லாவற்றையும் கலந்து ஒரு பிடி பிடித்துக் காட்டினாள். பிடித்தால் உருண்டது, விரலால் தொட்டால் உதிர்ந்தது.

"இதான் பதம். ஒரு வாய் தண்ணி நான் இப்பவே ஊத்திடுறேன். நாலு நாளைக்குத் தொடாதீங்க. அப்புறம் ரெண்டு கணு விரலை உள்ளே விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க." கன்றை அதில் நட்டு, தொட்டிக்கு அடியில் வைக்க ஒரு தட்டும் கொடுத்தாள்.

"பிழைச்சுக்குமா?"

"நீங்க சும்மா இருந்தா பிழைச்சுக்கும்."

வீட்டுப் பால்கனியில் தொட்டியை வைத்தார். உள்ளே மனைவி வழக்கம்போல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஐந்து மாதமாக அவள் பேசவில்லை, அந்த அறையைத் தாண்டி வந்ததை அவர் பார்க்கவும் இல்லை. டாக்டர் சொன்னபடி அன்றாட நடப்பை அவள் முதுகிடம் ஒப்பித்துவிடுவார். செடி சாகக் கிடக்கும் விஷயத்தை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

கடைக்குப் போகும்முன் தினமும் அவள் தலைமாட்டில் சாப்பாடும் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும் வைப்பார். மாலையில் வந்து பார்த்தால் சாப்பாடு பாதி அப்படியே இருக்கும். பாட்டில் மட்டும் சொட்டு மிச்சமில்லாமல் காலியாகியிருக்கும். தண்ணீராவது நன்றாகக் குடிக்கிறாளே என்று டாக்டரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் காலை பாட்டிலை நிரப்பி வைத்தார். பழக்கதோஷத்தில் தம்ளரோடு பால்கனிவரை போனவர், தொட்டியம்மாவின் குரல் ஞாபகம் வந்து திரும்பினார்.

கடையில் அன்று எத்தனையோ பேரின் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிப் பார்த்தார். யார் முகமும் மனதில் நிற்கவில்லை. மாலை வீடு திரும்பியதும் செருப்பைக் கழற்றி, நேராகப் பால்கனிக்குப் போனார்.

மண் சொதசொதவென்று நனைந்திருந்தது. அடியிலிருந்து வடிந்த தண்ணீர் தட்டில் விளிம்புவரை நின்றது. மழை இல்லை, மேலே கூரை வேறு இருக்கிறது. எங்கிருந்து வந்தது இவ்வளவு தண்ணீர் என்று அவர் குனிந்தார்.

தொட்டிக்குப் பின்னால் அவர் காலையில் நிரப்பி வைத்த பாட்டில், காலியாகச் சாய்ந்து கிடந்தது.

அதைக் கையில் எடுத்தார். முதுகுக்குப் பின்னால் பால்கனிக் கதவு கிறீச்சிட்டது. கரகரத்து, பேச மறந்துபோன ஒரு குரல் கேட்டது.

"புதுத் தொட்டி வாங்கி வெச்சா மட்டும் போதுமா? தினமும் தண்ணி ஊத்த மறந்துட்டுப் போயிடுறீங்க!"