குவைத்துக்கு ஒரு பெட்டி

"சண்டை நடக்குற பக்கம் இன்னாத்துக்குப் போவணும்?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார் சாலமன்.

ஏரி நடுவே தீவான பசியாவரத்தில், வீட்டுக்குள் அவர் மகன் ஜோயல், குவைத்துக்குப் போகும் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

"குண்டு போடுறது நின்னுபோச்சு நைனா. ஏஜென்ட் சொன்னாரு."

"நாளைக்கு மறுபடி போட்டா? அங்க நமக்கு யாரு இருக்கா? பாஷையும் தெரியாது."

"மீஞ்சூர் கிளாஸ்ல ஆறு மாசமா அரபி கத்துக்கினாச்சே. பரீட்சையும் பாஸ்."

சாலமனின் மனைவி மேரி குறுக்கிட்டாள். "ஏரியில இறாலே இல்ல. ஒரே வலைய நம்பி மூணு பேரு எத்தினி நாளு இருக்கறது? போவ வுடுய்யா."

பெட்டியைப் படகில் ஏற்றி, கரை சேர்ந்து, பஸ் பிடித்து மூவரும் விமான நிலையம் வந்தபோதும் சாலமனின் முகம் தெளியவில்லை.

பெட்டியோடு முன்னால் வந்த ஜோயலிடம் வாசல் காவலர் கை நீட்டினார். "பாஸ்போர்ட்?"

"நான் போவல சார். அம்மாதான் போறாங்க, வயசானவங்களப் பாத்துக்கற வேலைக்கு."

மேரி தன் பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதிலிருந்த பிறந்த வருடத்தைப் படித்த காவலர், ஜோயலை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன் தம்பி, நீ போகக்கூடாதா?"

"நானும்தான் பரீட்சை எழுதினேன் சார், பெயிலாயிட்டேன். எனக்குத் துணையா கிளாசுக்கு வந்த அம்மா பாஸ் பண்ணிட்டாங்க" என்று சிரித்தான் ஜோயல்.

"வெறும் பாஸ் இல்ல சார்" என்றார் சாலமன். "கிளாசுலயே மொத மார்க்கு."