குறையில்லாத மெத்தை

"மெத்தையில குறை ஒண்ணும் இல்லை தம்பி. ஆனா இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

சமாதானம் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அது அவருடைய பெயரல்ல. மெத்தை வேண்டாம் என்பவர்களை வீடு தேடிப் போய்ச் சமாதானப்படுத்துவது அவர் வேலை. அதனால் கம்பெனியில் வைத்த பெயர்.

"நூறு ராத்திரி தூங்கிப் பாருங்கள், பிடிக்காவிட்டால் முழுப் பணமும் வாபஸ்" என்று விளம்பரத்தில் தாராளமாகச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் மெத்தையை மறுபடி யார் தலையில் கட்டுவது? அறுத்துத் தூளாக்க வேண்டியதுதான். இன்னும் ஒரே ஒரு மெத்தை திரும்பி வந்தாலும் அதோடு சேர்ந்து நீங்களும் வெளியே போகலாம் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார். வாசலில் வண்டியும் இரண்டு ஆட்களும் நின்றார்கள். வண்டி காலியாகத் திரும்ப வேண்டும் என்பதுதான் சமாதானத்தின் ஒரே வேண்டுதல்.

"குறை இல்லேன்னா எதுக்கும்மா திருப்பித் தர்றீங்க? ரொம்ப மெத்துனு இருக்கா? கொஞ்சம் கெட்டியா வேற அனுப்பச் சொல்றேன்."

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரருக்குப் பல வருஷமா முதுகு வலி. ராத்திரியெல்லாம் புரண்டுக்கிட்டே கிடப்பார். இதுல படுத்ததுலேர்ந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறார்."

"அப்புறம் என்னம்மா?"

"அதான் தம்பி பிரச்சினையே. ரொம்ப நல்லாத் தூங்கறார்."

இந்த வேலையில் சமாதானம் கேட்காத காரணம் இல்லை. கெட்ட கனவு வருகிறது என்று ஒருவர் திருப்பித் தந்தார். நாய்க்குப் பிடிக்கவில்லை என்றது ஒரு குடும்பம். நன்றாகத் தூக்கம் வருகிறது என்று எவரும் சொன்னதில்லை. ஆனால் அந்த அம்மாள் முகத்தில் விளையாட்டு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விலை ஜாஸ்தின்னு நினைக்கிறீங்களோ?"

"விலை கம்மிதான். அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன். ஃபோம் விலை ஏறிக்கிட்டே போகுதே, உங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுபடியாகுது?"

பரவாயில்லை, விவரம் தெரிந்த அம்மாள்தான் என்று அவருக்கு உற்சாகம் பிறந்தது. பேசிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடலாம்.

"ஃபோமை நாங்க வெளியில வாங்கறதில்லைம்மா, எங்க ஆலையிலயே தயாராகுது. மெத்தையை அமுக்கிச் சுருட்டிப் பெட்டிக்குள்ள அடைச்சிடறோம். ஒரு வண்டியிலயே எக்கச்சக்கமா ஏத்தலாம். கடை வாடகை இல்லை, நடுவுல டீலர் இல்லை."

"அப்ப ஃபோமை வெளியில வாங்கித் தைக்கிற சின்னக் கம்பெனிங்க?"

"அவங்க கதை முடிஞ்சதும்மா. கல்லு மாதிரி ஒரு மெத்தையைப் பண்ணி வச்சுக்கிட்டு, அந்தக் காலத்துலேர்ந்து நாங்க இப்படித்தான்னு சொன்னா யார் வாங்குவா? டீலருங்களே கைகழுவிட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடிச்சா ஆச்சரியம்."

"புதுசா முதல் போட்டுப் பெரிசா நடத்தினா?"

"போட்ட முதல் அப்படியே போயிடும். அதனாலதான் சொல்றேன், எங்க மெத்தையை விட்டுடாதீங்க."

அந்த அம்மாள் மறுபடி வாசலைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"அப்ப நான் நினைச்சது சரிதான். ஆட்களைக் கூப்பிடுங்க தம்பி. அவர் வர்றதுக்குள்ள போயிடணும்."

சமாதானம் அவசரமாகப் பேரத்தில் இறங்கினார். இரண்டு தலையணை இலவசம் என்றார். பாதி விலை போதும் என்றார். அந்த அம்மாள் எதற்கும் மசியாததால், கடைசியில் உண்மையையே சொல்லிவிட்டார்.

"இது திரும்பிப் போச்சுன்னா என் வேலையும் போயிடும்மா."

அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டது. "கேக்கவே கஷ்டமா இருக்கு தம்பி. ஆனா எனக்கும் வேற வழி இல்லை."

அதற்கு மேல் கெஞ்ச மனம் வராமல் அவர் படுக்கையறைக்குள் போனார். மெத்தையின் மேல் ஜிப் வைத்த பழைய நீல உறை ஒன்று போட்டிருந்தது.

"உறையைக் கழட்டி இங்கயே வச்சிடுங்க, அது எங்களோடது. பின்னால பழைய மெத்தை நிக்குது. அதை இதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஜிப்பை இழுத்தவர், உறையின் ஓரத்தில் தைத்திருந்த பெயரைப் படித்துவிட்டு, அந்த நிலையிலும் சிரித்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பெனிகளில் ஒன்றுதான்.

"போயும் போயும் இவங்க உறைக்குள்ளயாம்மா எங்க மெத்தையைப் போட்டீங்க?"

"அது என் வீட்டுக்காரரோட கம்பெனி தம்பி," என்றார் அந்த அம்மாள். "அவர் படற வேதனை தாங்காம, அவருக்குத் தெரியாம உள்ளே இருந்ததை நான்தான் மாத்தி வச்சேன். தன்னோட மெத்தையிலதான் இப்படித் தூங்கறோம்னு நம்பி, நாளைக்கு இந்த வீட்டை அடகு வச்சு இன்னொரு ஆலை கட்டப் போறார். வாயால சொன்னா நம்ப மாட்டார். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது அவர் செஞ்ச மெத்தையில அவர் படுத்துப் பார்க்கட்டும்."

சமாதானம் வாசலைப் பார்த்து ஆட்களுக்குக் குரல் கொடுத்துவிட்டு, அவர்கள் வருவதற்குள் தானே மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார்.