என்னவாம்?

“செப்டம்பர் 3, புதன். இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். ஆஹென் பல்கலைக்கழகத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.”

கைப்பேசியில் அதை எழுதிவிட்டு, ‘பிழை’ என்ற சொல் சரிதானா என்று மிதுசா யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ஆரோட, பிள்ளை, கதைக்கிறாய்?” அம்மா பவளம் எட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தரோடையும் இல்லை. டயரி.”

“அப்ப இதையும் எழுது. நாளைக்குப் பத்து மணிக்கு எனக்குக் கண் டொக்டரைப் பார்க்க டெர்மின் தந்திருக்கினம். நீ வராட்டி அந்த மனுசன் சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்காது.”

“ஓமம்மா, வருவன்.”

பல்கலைக்கழகத்தின் நீண்ட நடைவழியில் இருவரும் காத்திருந்தார்கள். காலையில் ரயிலில் வரும்போது வயல்களின் மேல் படுத்திருந்த பனிமூட்டம் இன்னும் முழுதாகக் கலையவில்லை. எதிரே ஒரு விரிவுரை மண்டபம் திறந்து கிடந்தது. ஆளில்லாத வாங்குகள் படிப்படியாக மேலே ஏறி, ஜன்னல் வெளிச்சத்துக்குள் போய் மறைந்தன. பலகையில் யாரோ ஒரு கணக்கைப் பாதியில் விட்டிருந்தார்கள். மிதுசா அதை மனத்துக்குள் முடித்தாள். சந்தேகம் வந்து, முதலிலிருந்து இன்னொரு தரம் முடித்தாள்.

மிதுசாவுக்குப் பகலில் மருந்துக் கடையில் வேலை, பின்னேரம் டுசல்டோர்ஃபில் மாலைக் கல்லூரி. அங்கே படித்த பாடங்களை இந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால், இங்கே நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் இந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான். அப்பா இறந்தபின் வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். டொக்டர், வீட்டுக்காரர், வரி அலுவலகம் என்று எங்கே போனாலும், ஒன்பது வயதிலிருந்து அம்மாவுக்கு ஜெர்மன் வாய் மிதுசாதான்.

பவளம் மண்டபத்துக்குள் போய்க் கடைசி வாங்கில் உட்கார்ந்து பார்த்தாள். “நல்ல வடிவான இடம். இதில இருந்தா நித்திரை வராதே?”

“வரும். கணக்குப் பாடமெல்லே.”

“அப்ப நீ முன்வாங்கில இரு. எனக்குத்தான் இண்டைக்கு லீவு எடுத்தது பொல்லாப்பு. முதியோர் இல்லத்தில கிழவியள் என்னைத் தேடப்போகினம்.”

கதவு திறந்தது. ஆலோசகர் திருமதி ஹார்ட்மன் இருவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தாள்.

“நல்ல செய்தி,” என்றாள் ஜெர்மனில். “உங்கள் பாடங்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டோம். இடமும் இருக்கிறது. ஆனால் இன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும். இன்னொருவர் காத்திருக்கிறார்.”

மிதுசாவுக்கு அது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பதுபோல இருந்தது. எத்தனையோ பின்னேரங்களில், ட்ராமில் நின்றபடி, இதே வார்த்தைகளைக் கற்பனை செய்திருக்கிறாள்.

“என்னவாம்?” என்றாள் பவளம்.

ரயிலிலேயே பாடமாக்கி வைத்திருந்த பதில் வாயில் வந்தது. “நான் படிச்சது காணாதாம் அம்மா. இன்னும் ஒரு வருசம் அங்கையே படிக்கட்டாம்.”

“ஐயோ, ஒரு வருசமோ?”

“பரவாயில்லை. வீட்டில இருந்தே படிப்பன்.”

பிறகு ஹார்ட்மனிடம் ஜெர்மனில் சொன்னாள்: “மன்னிக்கவும், என்னால் வர முடியாது. அம்மாவுக்கு ஜெர்மன் தெரியாது. தனியே விட முடியாது.”

சொல்லி முடிக்கும்போதே உள்ளே ஒரு சந்தேகம் தலைதூக்கியது. அம்மாவுக்காகத்தானா? இல்லை, அந்த மண்டபத்தைப் பார்த்து வந்த பயமா?

“அம்மாவிடம் கேட்டீர்களா?” என்றாள் ஹார்ட்மன்.

“என்னவாம்?”

“கவலைப்பட வேண்டாமாம்.”

“நல்ல மனுசி.” பவளம் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

ஹார்ட்மன் பெருமூச்சோடு கணினிப் பக்கம் திரும்பினாள். “அப்படியானால் இடத்தை மற்றவருக்குக் கொடுக்கட்டுமா?”

மிதுசா வாய் திறப்பதற்குள் ஒரு குரல் ஜெர்மனில் பதில் சொன்னது. மெதுவாக, ஆனால் தடுமாறாமல்.

“கொடுக்க வேண்டாம். என் மகள் வருவாள். அவளுக்குப் பயம். அதற்கு என்னைச் சாட்டாகச் சொல்கிறாள்.”

சொன்னவள் பவளம்.

ஹார்ட்மனின் விரல் விசைப்பலகைக்கு மேலே அப்படியே நின்றது.

“அம்மா! உங்களுக்கு எப்ப தொடக்கம் ஜெர்மன் தெரியும்?”

“ஏன், முதியோர் இல்லத்தில அந்தக் கிழவியள் என்னோட தமிழிலையே கதைக்கிறவை?”

“அப்ப ஏன் ஒவ்வொரு டெர்மினுக்கும் என்னை இழுத்துக்கொண்டு போறனீங்கள்?”

பவளத்தின் குரல் இறங்கியது. “பகல் வேலை, பின்னேரம் படிப்பு. டெர்மின் இருந்தால்தானே பிள்ளை, நீ எனக்குப் பக்கத்தில இருக்கிறனீ.”

“அம்மா என்ன சொல்கிறார்?” என்றாள் ஹார்ட்மன்.

மிதுசா கண்ணைத் துடைத்தாள். “நான் வருகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.”

திரும்பும் ரயிலில் அம்மா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். காலையில் எழுதியதன் கீழே மிதுசா இன்னொரு வரி சேர்த்தாள்:

“நாளை பத்து மணி, கண் டொக்டர். அம்மாவுக்கு என் உதவி தேவையில்லை. கட்டாயம் கூடப் போக வேண்டும்.”