கயிற்றை விடாமல் படித்த கடிதம்

சாய்ந்தமருதுக் கரையில் வெயில் ஏறுகிறது. மீன் சேரும் வலையின் மடி கரை சேரும்வரை கரைவலைக் கயிற்றை யாரும் விடக்கூடாது. அதனால் தபால்காரர் கொழும்புப் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பிரித்து இஸ்ஸதீனின் முகத்துக்கு நேரே பிடிக்கிறார். இழுத்தபடி அவன் பின்னோக்கிப் போக, அவரும் கூடவே நடக்கிறார். கேட்டிருந்த வேலை இதில் இல்லையென்றால் ஆயுளுக்கும் இந்தக் கயிறுதான். இங்கிலீசு தெரிந்தவன் அவன் ஒருவனே. எல்லாரும் அவன் வாயையே பார்க்கிறார்கள்.

"கிடைச்சிட்டா மகன்?" என்று அடுத்த கயிற்றிலிருந்து வாப்பா கேட்கிறார். "ஓம் வாப்பா. ஆராய்ச்சி உதவியாளர். மீனைப் பத்தித்தான்." "மீன் அறுக்கிறதுக்குச் சம்பளமாடா?" என்கிறான் பின்னால் இழுக்கும் மச்சான். சிரிப்பில் இஸ்ஸதீனின் கயிற்றுக்காரர்கள் வேகமாக இழுத்துவிடுகிறார்கள். வலை கோணுகிறது; சூடை மீன்கள் வெள்ளியாக மின்னிக் கடலுக்குள் நழுவுகின்றன. கோணல் இழுப்புக்கு எவரையும் ஏசாமல் விடாத வாப்பா, "போகட்டும்," என்கிறார். "என்ட மகன் ஆராய்ச்சி செய்யக் கடல்லயும் கொஞ்சம் கிடக்கட்டும்."