சேர்மனின் காது

"எனக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லும்மா" என்றார் சேர்மன் நல்லகாமன், வலது காதில் இருந்த மிஷினை விரலால் அழுத்திக்கொண்டே.

பவதாரிணி குரலை உயர்த்தினாள். "நம்ம அளவு கம்பெனிக்குப் போர்டுல ஒரு லேடி டைரக்டர் கட்டாயம் இருக்கணும் சார். சட்டம். இந்த மாசத்தோட கெடு முடியுது."

"அதாவது, போர்டுல ஒரு பொம்பளையச் சேத்தே ஆகணும்ங்கிற." அறை முழுக்கக் கேட்கும்படி சேர்மன் திருப்பிச் சொன்னார். யார் எதைச் சொன்னாலும் அவர் அப்படித்தான். காது மந்தமானவர்கள் கேட்டதைச் சரிபார்த்துக்கொள்வது வழக்கம்தானே என்று எல்லோரும் பழகிவிட்டார்கள்.

திருநகர் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் இருக்கிற அந்த மாட்டுத் தீவன கம்பெனிக்குப் பவதாரிணிதான் கம்பெனி செக்ரட்டரி. கெடு தப்பினால் அபராதம் கம்பெனிக்கு மட்டுமல்ல, அவள் தலையிலும் விழும். அதைவிட அவளுக்கு வேறோர் ஆதங்கம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அறையில் அவளிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "காபி வந்துருச்சாம்மா?" என்பதுதான். அந்த மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது.

ஆனால் சேர்மன் சொன்னால் சொன்னதுதான். மனிதருக்கு அப்படியொரு தீர்க்கம். முன்பெல்லாம் எதைக் கேட்டாலும், "நாளைக்குச் சொல்றேன்" என்பார். காது மிஷின் மாட்டிய பிறகு அந்தத் தாமதமும் போயிற்று. கண்ணை மூடுவார், அரை நிமிஷம் கழித்துத் திறப்பார், முடிவு தயாராக இருக்கும்.

போன வருஷம் மக்காச்சோளத்தை வாங்கிக் குவிப்போம் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நின்றபோது, அப்படிக் கண்ணை மூடித்தான் வேண்டாம் என்றார். அடுத்த மாதமே விலை தரைக்கு வந்தது. காது போனாலும் மூளை போகவில்லை என்று ஊரே மெச்சியது.

இன்று அவர் கண்ணை மூடவே இல்லை. "வேணாம்" என்றார் எடுத்த எடுப்பில்.

"அண்ணே சொல்றது நியாயம்" என்றார் டைரக்டர்களில் ஒருவர். "தகுதி பாத்துத்தான் ஆளச் சேக்கணும். சட்டம் சொல்லுதுன்னு சேத்தா கம்பெனி வெளங்குமா?" அவர் சேர்மனுக்குச் சகலை. அந்தத் தகுதியில்தான் அவர் உள்ளே வந்திருந்தார்.

சேர்மனின் தம்பி முத்திருளன் மட்டும் தலையைச் சொறிந்தார். "ஏண்ணே, நம்ம மதினியவே போட்ருவமே. வெளியாளும் வர வேணாம், சட்டமும் ஆச்சு."

"யாரு, சுந்தரம்மாளா?" சேர்மன் சிரித்தார். "அவளுக்கு என்னப்பா தெரியும்? தவிட்டுக்கும் புண்ணாக்குக்கும் வித்தியாசம் கேட்டா முழிப்பா." சொல்லி வாய் மூடுவதற்குள் முகத்தைச் சுளித்து மிஷினைப் பாதி வெளியே இழுத்தார். "என்ன எழவோ, கரகரங்குது."

"பேட்டரியப் பாருங்கண்ணே" என்றார் முத்திருளன்.

பவதாரிணி விடவில்லை. "அபராதம் நாள் கணக்குல ஏறும் சார்."

"கட்டிக்கலாம்."

"கட்டுனாலும் ஆளப் போட்டுத்தான் சார் ஆகணும்."

"கட்டிக்கலாம்ங்கிறேன்ல." மறுபடியும் மிஷினை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது. மற்ற டைரக்டர்கள் ஜன்னல் வழியாகச் சமணர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோபமாக இருக்கும்போது அவரைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது நல்லது என்று அவர்களுக்குத் தெரியும்.

பவதாரிணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள் என்று அடக்கிக்கொண்டாள். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. லேப்டாப்பைத் திறந்தாள்.

"ஆடிட்டர் சென்னையிலருந்து வீடியோவுல இருக்காரு சார். சட்டம் என்ன செய்யும்னு அவரே சொல்லட்டும்."

"அதுல பேசுறது எனக்கு எங்க கேக்குது?"

"ஸ்பீக்கர்ல போட்டுடுறேன் சார்."

மேஜை நடுவில் இருந்த உருண்டை ப்ளூடூத் ஸ்பீக்கரின் பட்டனை அமுக்கினாள். அது லேப்டாப்பைப் பிடிக்கவில்லை. ஆயுத பூஜையன்று சாமி பாட்டுப் போட்ட சேர்மனின் போன் அதன் ஞாபகத்தில் இருந்திருக்க வேண்டும். 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. சேர்மன் காதைத் தொட்டுப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த போனையும் தொட்டுப் பார்த்தார்.

"அத அணைச்சிரும்மா" என்றார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

ஸ்பீக்கரில் ஆடிட்டர் வரவில்லை. ஒரு குக்கர் விசில் அடித்தது. அதைத் தொடர்ந்து ஒரு பெண் குரல் தொண்டையைச் செருமியது.

"மதினி" என்று முத்திருளன் தன்னையறியாமல் எழுந்து நின்றார். அந்தச் செருமலுக்கு வீட்டிலும் அவர் எழுந்துதான் நிற்பார்.

"எத்தன தடவங்க காதுல சொல்றது? சரின்னு சொல்லுங்க. இனிமே நானே நேர்ல வந்து பேசிக்கிறேன்."