ஏழாவது துண்டு

பின்னப் பாடத்துக்குச் சப்பாத்தி சுட்டு எடுத்துவந்தது என்னவோ அன்னபாக்கியம் டீச்சர்தான். ஆனால் மூன்றாம் வகுப்பின் முன்னால் நின்று பாடம் நடத்தியது இயந்திர வாத்தியார். டீச்சர் கடைசி பெஞ்சில் வயிறெரிய உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வகுப்புல எல்லாருக்கும் சமமா வேணும். எத்தனை பங்கு போடலாம்?" என்று கேட்டது அது.

ஆறு பிள்ளைகளும் தங்களை எண்ணி, அதையும் சேர்த்து, "ஏழு சார்!" என்று கத்தினார்கள்.

"டீச்சரை விட்டுட்டீங்களே?"

"எட்டாப் போட்டா எங்க துண்டு சின்னதாயிடும் சார்," என்றாள் இதழினி.

சரியான பதில். ஒரு வருஷமாக டீச்சர் தொண்டை கிழியக் கத்தியும் அந்தப் பெண்ணின் மண்டையில் ஏறாதது.

ஏழாகவே வெட்டினார்கள். இதழினி ஒரு துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாரோட பங்கு டீச்சர். பாவம், உங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு."